எல்லோரும் திருத்தலாம்

காரகோல்,
முதல் பனி விழுந்த வாரம்

அன்பு மகள் நுர்ஸாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, நீயும் அந்தக் கொரியக் கடற்கரையில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். உறையைப் பார்த்ததுமே பயந்திருப்பாய், போன் இருக்க அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று. நான் போனில் எழுதுவதும் எடுக்கும் படமும் நீ வைத்துவிட்டுப் போன சேமிப்புப் பெட்டியில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன, போன் தொலைந்தாலும் எதுவும் போய்விடாது என்று நீதான் அப்படிச் செய்து வைத்தாய். எதுவும் போகவில்லை. அதனால்தான் காகிதம்.

அப்பாவுக்கு முதுகு பரவாயில்லை, மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள், தூக்குகிறார். ஆப்பிள் இந்த வருடம் சிறுத்துவிட்டது, ஆப்ரிகாட் பழ ஜாம் மட்டும் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். பெரியப்பா வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, அது நீ அறிந்ததே. அந்தக் கல்யாண வீடியோவில்தான் எல்லாம் தொடங்கியது. நம் பெட்டியில் இருப்பதைத் தன் போனிலும் பார்க்க வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று சொல்லும் பொறுப்பை நீ என்னிடம் கொடுத்திருந்தாயே, நானும் பெருமையாக உட்கார்ந்தேன். அனுமதி யாருக்கு என்று பெட்டி ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டியது, அதில் பெயரை அடிக்க வேண்டும். கணவருக்கு மூத்தவர் பெயரை, இந்த வீட்டுக்குக் கெலினாக, மருமகளாக வந்த நாளிலிருந்து நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. நான் அவருக்கு வைத்த பெயர் குதிரைக்காரர். அதையே அடித்தேன். அப்படி ஒருவர் இல்லை என்று சிவப்பில் வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் இல்லை. பின்னாலேயே நின்ற பெரியப்பா, "என்ன கெலின், பொட்டிக்கும் என்னைப் பாத்தா கூச்சமா?" என்று சிரித்தார். பெரியம்மா சும்மா இருப்பாளா, "காலேஜ் படிச்சவ ஒரு பட்டன அமுக்கறதுக்குள்ள நான் ரெண்டு மாடு கறந்துட்டு வந்துடுவேன்" என்றாள். கீழே எல்லோருக்கும் என்று ஒரு வரி இருந்தது. அதை அழுத்தினேன். பார்க்க மட்டுமா, திருத்தவுமா என்று கேட்டது, ஆம் என்றேன், உள்ளே இருக்கும் அனைத்துக்குமா என்று கேட்டது, அதற்கும் ஆம். கல்யாணக் கோப்புறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மொத்தப் பெட்டியின் தலைவாசலில் நின்று அழுத்தியிருக்கிறேன்.

என் கோப்புறையில் என்ன இருந்தது என்று உனக்கு மட்டும்தான் தெரியும். தலைநகர் பிஷ்கெக்கில் புவியியல் பாடநூல் எழுதும் குழுவுக்கு இரண்டு வருடம் வரச் சொல்லிக் கேட்டிருந்தார்களே, வருகிறேன் என்று பதில் எழுதி வைத்திருந்தேன். அப்பாவிடம் அழைப்பு வந்ததை மட்டும் சொன்னேன், "அண்ணன்கிட்ட நான் பேசறேன், நீ அவசரப்படாத" என்றார், பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டீக்கு உட்கார்ந்திருக்கிறோம், பெரியப்பா தன் போனிலிருந்து டிவியில் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார், மணப்பெண்ணுக்குப் பிறகு என் கடிதம் வந்து நின்றது. சத்தமாகவே படித்தார். முடித்துவிட்டு, "அழகா எழுதியிருக்க கெலின். எங்களுக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றார், கோப்பையை என்னிடம் நீட்டினார், நான் ஊற்றினேன். அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை.

மறுநாள் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு வந்து திறந்து பார்த்தால் கடிதம் மாறியிருந்தது. குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை, நினைவில் வைத்து அழைத்ததற்கு மிக்க நன்றி என்று இருந்தது, அடியில் என் பெயர். "மாட்டேன்னு எழுத உனக்குச் சங்கடமா இருக்கும்னு நானே எழுதி வெச்சுட்டேன், பாத்து அனுப்பிடு" என்றார் பெரியப்பா, உண்மையான அன்போடுதான் சொன்னார், நுர்ஸாத். நான் விட்டிருந்த ஓர் எழுத்துப் பிழையைக்கூடச் சரிசெய்திருந்தார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அன்பாகச் செய்தவரிடம் என்ன சொல்வது? வருகிறேன் என்று மாற்றினேன். சாயங்காலத்துக்குள் இயலவில்லை என்று ஆகியிருந்தது, முன்பைவிட நயமாக. மறுபடி மாற்றினேன், மறுபடி மாறியது. அப்பாவிடம் சொன்னால், "அண்ணனுக்குக் கெட்ட எண்ணம் இல்லம்மா" என்கிறார். இல்லைதான். எனக்கு மூச்சு முட்டுகிறது, ஆனால் யாரும் என் கழுத்தைப் பிடித்திருக்கவில்லை.

பள்ளிக் கணினியில் எழுதி அனுப்பிவிடலாமே என்று நீ சொல்வாய். அனுப்பலாம். அனுப்பிவிட்டு இதே அறைக்குத்தான் திரும்பி வர வேண்டும், என் வார்த்தையைத் தன் வார்த்தையாக நினைக்கும் மனிதர் முன்னால்தான் உட்கார வேண்டும். எல்லோருக்கும் என்பதை எடுத்துவிடலாம் என்றால் கல்யாணமும் டிவியிலிருந்து போய்விடும், பெரியம்மா ஊரையே கூட்டுவாள். மிச்சம் ஒரே வழி. என் கோப்புறையில் மட்டும், அவர் ஒருவருக்கு மட்டும், தடை என்று குறிக்க வேண்டும். அதற்கும் அதே வெற்றுக் கட்டம்தான்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வைக்கோல் இறக்கப் போயிருந்தபோது எழுதினேன். இஷென்பெக். எழுத்து சரியா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் தடை என்று குறித்தேன். இத்தனை வருடமாக வாயில் வராமல் காத்த பெயரை முதல் முறையாக எழுதியது, அதற்கு எதிரே இப்படி ஒரு சொல்லை வைப்பதற்காக என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழித்துவிடலாமா என்றுகூட இருந்தது. அழிக்கவில்லை.

என் கோப்புறை திறக்கவில்லை என்றதும் அவர் தெரிந்துகொண்டார். நேற்று டீக்குக் கோப்பையை என்னிடம் நீட்டாமல், என்னைத் தாண்டிப் பெரியம்மாவிடம் நீட்டினார். அவளும் என்னைப் பார்க்காமல் ஊற்றினாள். அப்பா, "கொஞ்ச நாள் போகட்டும், அண்ணன் மனசு ஆறட்டும், அப்புறம் அனுப்பிக்கலாம்" என்கிறார். பிஷ்கெக்கில் எனக்காக எவ்வளவு நாள் காத்திருப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று மறுபடி மாற்றி வைத்த என் கடிதம் மட்டும் ராத்திரி இருந்தபடியே காலையிலும் இருந்தது. நான் இன்னும் அனுப்பவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

பெரியப்பா உனக்குப் போன் செய்வார். பெட்டியின் மூல அனுமதி உன் கையில் இருப்பது அவருக்குத் தெரியும், "பொட்டியில ஏதோ கோளாறு கண்ணு, திறந்து விடு" என்று வாஞ்சையாகக் கேட்பார். கோளாறு என்று ஒத்துக்கொள்ளாதே, என்னைக் காப்பாற்றப் பொய்யும் சொல்லாதே. அம்மாதான் மூடினாள், அம்மாவைக் கேளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிடு.

குளிரில் தலையை மூடிக்கொண்டு போ, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனிதர்கள் நடுவில், உன் இஷ்டப்படி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ நினைத்தால் என் கோப்புறையைத் திறக்க முடியும், அந்தக் கடிதத்தைப் படிக்கவும் முடியும். படித்துக்கொள். நல்லதுக்காகக்கூட அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே, எனக்குப் பதிலாக அனுப்பவும் செய்யாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
அனார்கான்