பத்துக்கு ஒன்பது

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
14-10-1934

என் அன்பு மகள் இராசேஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. நீயும் மருமகனும் குழந்தையும் சுகம் என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். உடுவிலில் மழை தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். குழந்தையைக் கிணற்றடிப் பக்கம் தனியே விடாதே. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம்.

சபாபதி அண்ணரும் அவர் மனைவியும் கார்த்திகைக் கப்பலில் ஊருக்கே திரும்புகிறார்கள் என்றும், அம்மாவை அவர்களோடு அனுப்பிவைத்தால் நீ பார்த்துக்கொள்வாய் என்றும், நான் விரும்பியபடி விகாரையில் போய் அமைதியாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குக் கப்பலில் இடமும் எடுத்தாயிற்று. மாமியார் வீட்டில் இதற்குச் சம்மதம் வாங்க நீ எவ்வளவு பேச்சுக் கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆவணியில் இதை எழுதிக் கேட்டவன் நான்தான். அதை முதலில் ஒப்புக்கொண்டு மற்றதை எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

அம்மாவின் மறதி நீ நினைப்பதைவிடக் கூடிவிட்டது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, தன் தங்கச்சி என்கிறார். அடுப்படியில் நான் அரிசி களைந்தால் பின்னால் நிற்பார். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவார். பதறி ஓடி வந்தால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களை இல்லை, ஐயா. எங்கட அவரைக் கூப்பிட்டனான்" என்பார். ஒரு நாளில் நாற்பது முறை. முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரே கேள்வியை நாற்பது பிள்ளைகள் கேட்டால் நாற்பது முறை பதில் சொல்வேன். ஒரே ஆள் நாற்பது முறை கேட்டு, பதில் சொன்னவனை ஆள் மாறி வந்தவனாகப் பார்ப்பது வேறு. முன்பு மாலையில் வந்து பேசிக்கொண்டிருந்த நண்பர்களும் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வீட்டுக்கு வந்தால் என்னோடு இரண்டு வார்த்தை தொடர்ந்து பேச முடியாது.

இந்த நிலையில்தான் சிங்களவர் விகாரைக்குப் போகத் தொடங்கினேன். கந்தசாமி கோயிலை விட்டுவிட்டேன் என்று நினையாதே. வெள்ளிக்கிழமை அங்கேயும் போனேன். விகாரையில் இளம் பிக்கு ஒருவர் இருக்கிறார், தேரர் என்பார்கள். என்னைவிட முப்பது வயது குறைவு. எனக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது, ஆங்கிலமும் கொஞ்சம்தான். ஆகவே இருவரும் பாசாரில் மீன் வாங்கும் மலாயில் புத்தருடைய போதனையைப் பேசினோம். சிரிக்காதே. மூச்சைக் கவனி, காதில் ஒன்று விழுந்தால் சத்தம் என்று மட்டும் அறிந்துகொள், அதன் பின்னால் ஓடாதே என்று சொல்லிக்கொடுத்தார். "டத்தாங், பியார். பெர்கி, பியார். ஜாங்ஙான் பெகாங்" என்பார். வந்தால் வரட்டும், போனால் போகட்டும், பிடித்துக்கொள்ளாதே. இவ்வளவுதான் அவருடைய பாடம். அதைக் கேட்டபோது, பூட்டிய அறையில் யாரோ ஜன்னலைத் திறந்ததுபோல இருந்தது. விகாரையின் பின்பக்கம் ஒரு சிறிய அறை காலியாக இருந்தது. ஒரு பாய், ஒரு கூஜாத் தண்ணீர். அந்த அறையைப் பார்த்த அன்றுதான் உனக்கு எழுதினேன்.

நான் வாத்தியார் அல்லவா, சும்மா இருப்பேனா? வீட்டுக்கு வந்து ஒரு நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். காலை ஒன்பது இருபது முதல் பத்து வரை மூச்சு. கூடத்தில் நாற்காலியில் நேராக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வது. முடிந்ததும் எவ்வளவு அசையாமல் இருந்தேன் என்று பத்துக்கு எத்தனை என்று எனக்கு நானே புள்ளி போடுவது. தொடக்கத்தில் மூன்று, நான்கு. அம்மா கூப்பிட்டால் எழுந்துவிடுவேன். பிறகு எழுவதை நிறுத்தினேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை என்று அவரே சொல்கிறாரே, அப்படியானால் அது வெறும் சத்தம்தானே என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கணக்கில் செய்முறை தெரியாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வரும் மாணவனை எத்தனை முறை பெஞ்சில் ஏற்றியிருக்கிறேன். அந்த மாணவன் நான்தான் என்று அப்போது தெரியவில்லை.

போன மாதம் இருபத்தாறாம் தேதி, புதன்கிழமை. கண்ணை மூடி உட்கார்ந்தேன். அம்மா கூப்பிட்டார். சத்தம் என்று அறிந்தேன். மறுபடி கூப்பிட்டார். கேட்டேன், பிள்ளை. நான்கு முறையும் தெளிவாகக் கேட்டேன். நான்காவது முறை வெளிப்பக்கமிருந்து வந்தது. அதையும் அறிந்தேன். என் மூச்சு கொஞ்சமும் மாறவில்லை. பத்து மணி அடித்ததும் கண்ணைத் திறந்து, பென்சிலை எடுத்து, ஒன்பது என்று எழுதினேன். அதற்கு முன் ஏழைத் தாண்டியதில்லை. மனதுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் வாசல் படலை திறந்து கிடப்பதைப் பார்த்தேன்.

கோயிலில் தேடினேன், விகாரையில் தேடினேன், ரயில்வே குவாட்டர்ஸ் முழுவதும் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். ஆற்றங்கரைக்கும் போனேன். கிள்ளான் ஆறு அன்று மண்நிறத்தில் நிறைந்து ஓடியது. அந்தக் கரையில் நான் நின்றபோது என் மனதில் என்ன வந்தது என்று எழுத மாட்டேன். வந்தது பயம் மட்டும் அல்ல என்று தெரிந்துகொள், போதும்.

மூன்று மணிக்கு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அம்மா கிள்ளானில் இருக்கிறார் என்று டெலிபோன் வந்ததாம். தானாக நடந்துபோய் ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, நீ பிறந்து வளர்ந்த நம்முடைய பழைய வாடகை வீட்டுக்கே போய்விட்டார். நல்ல சேலை கட்டிய முதிய பெண் என்று டிக்கெட் கேட்காமல் விட்டிருக்கிறார்கள். இப்போது அந்த வீட்டில் இருப்பவர் அந்தோனிப்பிள்ளை என்ற ரயில்வே கிளார்க். அவர் மனைவி சாந்தமேரி. முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, விறகை ஏன் இந்த மூலையில் அடுக்கினாய் என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஆனாலும் கோப்பி போட்டுக் கொடுத்து, விறகையும் மாற்றி அடுக்கியிருக்கிறாள்.

யார், எந்த ஊர் என்று கேட்டால் அம்மாவுக்கு நினைவில்லை. புருஷன் பெயர் என்ன என்றதும் முகம் சிவந்து, "அவரின்ர பேரை நான் சொல்லலாமோ" என்றாராம். சாப்பாட்டுக்கு வந்த அந்தோனிப்பிள்ளை, ஆபீஸில் விண்ணப்பம் நிரப்புவதுபோலத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாராம். போலீசுக்குச் சொல்லலாம் என்று அவர் கிளம்பும்போது, பால் கொண்டுவரும் மாரியாயி வந்திருக்கிறாள். "நீங்க நூறு தடவ கேட்டாலும் அவங்க சொல்ல மாட்டாங்க லா, சார். புருசன் பேரை எந்தப் பொம்பள வாயால சொல்லுவா?" என்று அவரை அடக்கிவிட்டு, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, "ஆத்தா, வாயால வேணாம், கையால காட்டுங்க" என்றாளாம். அம்மா ஆறு விரலைக் காட்டி, தன் முகத்தைத் தொட்டு, பிறகு காதுத் தோட்டில் இருக்கும் கல்லைத் தொட்டிருக்கிறார். ஆறு நாளாகப் பல்வலியோ என்று அந்தோனிப்பிள்ளை கேட்டாராம். மாரியாயி, "ஐயோ சார், உங்க கோயில்ல முருகன் இல்லன்னா எங்ககிட்ட கேக்கக்கூடாதா? ஆறு மொகம். சண்முகம்" என்று சொன்னதும் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாராம். என் பெயருக்கு இன்னமும் அந்த வீட்டுக்குக் கடிதங்கள் வருவதுண்டு. அவற்றை இங்கே திருப்பி அனுப்புகிறவர் அந்தோனிப்பிள்ளைதான். தோட்டுக் கல்லையும் சேர்த்து, சண்முகரத்தினம் மாஸ்டரா என்று கேட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. என்னைக் கண்டதும் அம்மா எழுந்து நின்று தலைப்பைச் சரிசெய்துகொண்டு சாந்தமேரியிடம், "வந்திட்டார்" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என்னை நானாகப் பார்த்தார். கதையாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம். திரும்பி வரும் ரயிலில் பத்து தீகா ஸ்டேஷன் தாண்டும்போது, "ஐயா எங்கே இறங்குவியள்?" என்று மரியாதையாக என்னிடம் கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் என்றேன். அப்படியென்றால் எங்கட அவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றார். தெரியும் என்றேன்.

மறுநாள் அம்மாவின் கையைப் பிடித்தபடியே விகாரைக்குப் போய், தேரரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்பது புள்ளியையும் மறைக்கவில்லை. நான் நல்ல மாணவன் என்றோ கெட்ட மாணவன் என்றோ ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பினி பங்கில், ஜாவாப் லா" என்றார். மனைவி கூப்பிட்டால் பதில் சொல். என்னை இல்லை என்கிறாரே என்றேன். கொஞ்சம் யோசித்து, "தாக் ஆப்பா. ஜாவாப் ஜுகா" என்றார். பரவாயில்லை, அப்போதும் பதில் சொல். பிடித்துக்கொள்ளாதே என்றது உன் அமைதியையும் சேர்த்துத்தான் என்று அவர் சொல்லவில்லை. அது நானாக வழியில் நினைத்துக்கொண்டது.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். இப்போது அம்மா கூப்பிடுவதற்கும் நான் "ஓம், வாறன்" என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு பார்க்கிறேன். அதற்கு மேல் நேரம் இல்லை. சில நாள் அந்த ஒரு மூச்சு எரிச்சல் இல்லாமல் போகிறது. பல நாள் இல்லை. அதனால் நான் தேறிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. படலைக்குப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். சாவி என் அரைநாண் கயிற்றில் இருக்கிறது. பூட்டியவனும் உள்ளேதான் இருக்கிறான். அந்த அறையும் பாயும் கூஜாவும் தினமும் காலையில் நினைவுக்கு வருகின்றன. வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. எத்தனை வருடம் இப்படி என்று டாக்டரைக் கேட்டேன். உடம்பு நல்ல திடமாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு நான் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி இருக்கவில்லை.

ஆனாலும் கார்த்திகைக் கப்பலில் அம்மா வரமாட்டார். எடுத்த இடத்தை விட்டுவிடும்படி சபாபதி அண்ணரிடம் சொல்லிவிட்டேன். மாமியாரிடம் நீ பட்ட பாடு வீணானதற்கு என்னை மன்னித்துக்கொள். எல்லாம் மறந்தவர் அந்த ஒரு பெயரை மட்டும் வாய்க்குள் வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார். உன் வீட்டில் வந்து அவர் கூப்பிட்டால், ஆள் தவறினாலும் ஓம் என்று சொல்ல அங்கே அந்தப் பெயர்க்காரன் இருக்க மாட்டான். நான் நல்லவன் என்று பதில் எழுதாதே. ஆவணியில் எழுதியதும் இதே கைதான்.

ஒரு புத்திமதி. மருமகனின் பெயரை நீ வாய்விட்டுச் சொல்லிப் பழகு. யாரும் இல்லாத நேரத்திலாவது சொல். மாமியார் காதில் விழுந்தால் அப்பா சொல்லித்தந்தது என்று பழியை என்மேல் போடு.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வா என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் நீ வந்துவிடுவாய். அது தெரிந்துதான் கேட்கவில்லை. தை மாதத்தில் கொழும்பிலிருந்து இந்தப் பக்கம் ஒரு கப்பல் வருகிறது என்று சபாபதி அண்ணர் சொன்னார். தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன், வேறொன்றுமில்லை.

உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராதிருக்கட்டும் என்று அம்மாவுக்கும் சேர்த்து நானே ஆசீர்வதிக்கிறேன்.

அப்பா
ச. சண்முகரத்தினம்