அம்மா பொறுக்கிய அரிசி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. இன்று எர்ணாவூர் குடியிருப்பில் செயல்விளக்கம். ரேஷன் அரிசியில் கலந்து வரும் சத்து அரிசி பற்றி. எம்.எஸ்சி. ஊட்டச்சத்து இரண்டாம் ஆண்டு களப்பணியில் இது என் பங்கு. எடுத்துப் போனவை: முறம், கிண்ணம், அரிசி, என் தொண்டை.

அங்கே பெண்கள் அதைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறார்கள். அரிசி மாவில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்த்து, மறுபடி அரிசி மாதிரி அச்சில் பிழிந்தது என்று விளக்கினேன். "தண்ணியில மெதக்குதே?" என்றார் ஒரு அம்மா. ஊறவைத்து விரலால் நசுக்கிக் காட்டினேன். மாவாகப் போனது. கைதட்டல்! கூட வந்த பேராசிரியை தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம். "எங்க திருவொற்றியூர்ல யாரும் பொறுக்க மாட்டாங்க மேடம்" என்று வேறு அளந்துவிட்டு வந்தேன்.

மாலை அண்ணியோடு சுகாதார நிலையம். ஏழாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் போன தடவையைவிடக் குறைவு. இப்படியே போனால் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான், ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம் என்றார் டாக்டர். மாத்திரை குமட்டுகிறது என்று பாதி நாள் விட்டுவிடுகிறாளாம். திரும்பும்போது ஆட்டோவில் ரிப்போர்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தாள். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 11, புதன்

வாங்க: முருங்கைக்கீரை, எலுமிச்சை, நெத்திலி.

வகுப்பு ரத்து. மத்தியானமே வீடு. டி.வி.யில் சீரியல். எதிரே தரையில் அம்மாவும் பக்கத்து வீட்டு பாத்திமா அக்காவும், மடியில் முறம். பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்! பக்கத்தில் ஒரு பாட்டில், கழுத்துவரை சத்து அரிசி.

"இன்னாம்மா இது?"

"பிளாஸ்டிக் அரிசிடீ. எம் மருமவ வவுத்துல புள்ளய வெச்சிகினு கீறா. அவளுக்கு இத்த ஆக்கிப் போடச் சொல்றியா?"

ரேஷனில் வர ஆரம்பித்த நாள் முதல் பொறுக்குகிறாளாம். அதாவது நான் சத்து பற்றிப் படித்துவிட்டு வந்து தின்றதும் பொறுக்கிய சோறுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூன் 12, வியாழன்

கடல் காற்று வந்தது, கொஞ்சம் பரவாயில்லை.

எர்ணாவூர் விளக்கத்தை வீட்டில் அப்படியே போட்டேன். ஊறவைத்தேன், நசுக்கினேன். அம்மா: "பிளாஸ்டிக்கும் ஊறுனா கொழகொழன்னுதான் ஆவும்." யார் சொன்னது? அவளே.

பாத்திமா அக்கா பாட்டிலை என் முன்னால் வைத்தார். "அல்லாம் சத்துன்னு நீதானே சொல்ற? இதுல ஒரு ஆழாக்கு வடிச்சித் தரேன். எங்க முன்னால துன்னு, பாக்கலாம்."

மாடிப்படியிலிருந்த பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அங்கேதான் வம்பு. நூறு அரிசிக்கு ஒன்று என்று கலப்பது அது. பாட்டிலில் இருப்பது பல மாதத்துச் சத்து. மொத்தமாகத் தின்றால் அந்த இரும்பே வயிற்றைக் கலக்கிவிடும்.

"அதை மட்டும் தனியா சாப்பிடக் கூடாதுக்கா" என்றேன்.

வாசலில் ஒரே சிரிப்பு. பாத்திமா அக்காதான் முதலில்: "அத்த சொல்லு! இவளுக்கு வேணாமாம், புள்ளத்தாச்சிக்கு மட்டும் வேணுமாம்!"

முகமெல்லாம் சூடு. விட்டுவிடுவேனா? "கொழம்புல உப்பு போடறேல்ல? அதுக்காக ஒரு பிடி உப்ப அள்ளி வாயில போட்டுக்குவியா?" அக்கா யோசித்தார். "அதுவும் வாஸ்தவந்தான்" என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா மட்டும் தன் முறத்தில் பொறுக்குவதை நிறுத்தவில்லை. நான் சொன்னது சரி. சரியாகச் சொல்லியும் தோற்ற மாதிரி இருப்பதுதான் எரிச்சல்.

சமையலறை வாசலில் அண்ணி. எல்லாம் கேட்டிருக்கிறாள். "அத்தே, எனக்குப் பொறுக்காமலே வடிங்க. ஆஸ்பத்திரிய நெனச்சாதான் எனக்கு பேஜாரா கீது, அரிசிய நெனச்சி இல்ல."



ஜூன் 13, வெள்ளி

அடுப்பில் இரண்டு பானை. ஒன்றில் பொறுக்கிய அரிசி, அண்ணிக்கும் எனக்கும். இன்னொன்றில் பொறுக்காதது. அதைத் தன் தட்டில் குவித்துக்கொண்டு உட்கார்ந்தாள் அம்மா.

"மொதல்ல நான் துன்றேன். எனக்கு ஒண்ணியும் ஆவலன்னா நாளைக்கு அவளுக்கு."

சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. விஷம் என்றே நம்புகிறாள், நம்பிக்கொண்டே தின்கிறாள். கீரைக் குழம்பு ஊற்றி, ஒரு பருக்கை விடாமல். பிறகு அவ்வப்போது வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணி எலுமிச்சைச் சாறோடு மாத்திரை விழுங்கினாள். குமட்டல் இல்லை. அரிசி ஒன்றே போதாது, மாத்திரையும் விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். அரிசி களையும் சத்தத்தில் விழித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எந்திரிடீ. நான் சாவல. அவளுக்கும் சேத்தே ஒல வெச்சிட்டேன்."