ஏழாம் கூண்டு, நாள் பத்து

9.9.96, திங்கள்
காலையிலிருந்து சாரல். இது ஆய்வகக் குறிப்புக்காக மேடம் கொடுத்த நோட்டு. கடைசிப் பக்கங்களில் சொந்த விஷயம் எழுதுகிறேன், மன்னிக்கணும் மேடம். யாரிடமும் பேச வரவில்லை, அதனால்தான்.

ஏழாம் கூண்டில் இன்றும் ஆறே குட்டிகள். மற்ற சுண்டெலிகள் எட்டு, ஒன்பது போடுகின்றன. ஏழில் தாயும் தகப்பனும் கூடப் பிறந்தவை. ஒரே ஜீனில் இரண்டுக்கும் ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி கெட்டது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

கூண்டு கழுவும் ரங்கண்ணன்: “ஏனுங் அம்மணி, மிச்சத்தத் தாயே தின்னுபோட்டிருக்குமுங்களா?”

இல்லை. இரண்டு பக்கமும் கெட்ட பிரதியே வாங்கியவை பிறக்கவே இல்லை.

வாங்க: கையுறை, ஸ்பிரிட், அம்மாவுக்குக் கால்வெடிப்புக் களிம்பு.

10.9.96, செவ்வாய்
வெயில். ஏழாம் கூண்டு வகையில் கருவுற்றுப் பத்து நாளான தாய் ஒன்றைத் திறந்தோம். எட்டுக் கருக்கள். ஆறில், சுற்றியுள்ள சவ்வு முழுக்கச் சிவப்பாக ரத்தக் குழாய்கள், வேர் மாதிரி கிளைத்து. இரண்டு மட்டும் வெளுப்பு, வெந்த ஜவ்வரிசி போல. அந்த இரண்டிலும் இதயம் துடித்தது. ரத்தம் போக வழியில்லை.

ரத்தக் குழாய் போடச் சொல்லும் ஜீன் இது. எப்படித் தெரியும்? அதைக் கெடுத்துவிட்டு, எது வரவில்லை என்று பார்க்கிறோம்.

சாயங்காலம் கருமத்தம்பட்டி, வீடு. தறிச்சத்தத்துக்கு மேலே அம்மா கத்தினாள்: “ஞாயித்துக்கெழம தட்டு மாத்திக்கலாமுங்கறாங்க. பொரட்டாசி பொறந்துட்டா ஆகாதாமா.”

எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை செல்வம் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. அக்காவைக் கட்டியவர் அவருடைய அண்ணன், அவரும் எங்கள் தாய்மாமன்தான். அக்காவுக்கு இரண்டு முறை மூன்றாம் மாதத்திலேயே கரு கலைந்து போய்விட்டது. இது மூன்றாவது. பத்து வாரம்.

அம்மா கண்ணேறு என்கிறாள். அக்காவின் மாமா, அவள் மொபெட்டில் போனதுதான் காரணம் என்கிறார்.

செல்வம் மாமா நல்லவர். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

12.9.96, வியாழன், அமாவாசை
தப்பு செய்துவிட்டேன். கூண்டு அட்டையில் ‘நாள் 10’ எழுத வேண்டிய இடத்தில் ‘வாரம் 10’.

மேடம் அட்டையைக் கையில் எடுத்தார். “எலி மூணு வாரத்துல பெத்துடும். பத்து வாரம் யாருக்கு?”

சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம், எல்லாவற்றையும்.

“எலி வேற, மனுஷங்க வேற. அக்காவுக்கும் இதுதான்னு முடிவு பண்ணிடாதே. காரணம் எத்தனையோ இருக்கும்.” கை கழுவப் போனார். குழாயை மூடாமலே நின்றார். “ஆனா நெருங்கின சொந்தத்துல கட்டினா, மறைஞ்சிருக்கற குறை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்க வாய்ப்பு அதிகம். அதை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்.”

ரங்கண்ணன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “எம்பட ஊட்டுக்காரி எங்க அக்கா புள்ளதானுங்க. மூணு பசங்களும் குத்துக்கல்லாட்டம் இருக்கறானுங்க. எலியப் பாத்துப் பயந்துக்கறீங்களே!”

உண்மைதான். ஏழாம் கூண்டின் ஆறும் நன்றாகத்தான் ஓடுகின்றன.

14.9.96, சனி
காற்றே இல்லை. வானம் கறுத்துக் கிடக்கிறது, பெய்யவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புளி போட்டுப் பித்தளைத் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நிச்சயத்துக்கு வந்த அதே தட்டு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டு மருமகளாக அவள்தான் தூக்கி வரணும். வேறு பெண்பிள்ளை அங்கே இல்லை.

“ஏன் கண்ணு மூஞ்சி வாடிக் கெடக்குது? எனக்கு ஓரகத்தியா வரப்போறே. சிரி.”

சிரித்தேன்.

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “காத்தால லேசா ரத்தம் பட்டுது கண்ணு. மாமாகிட்டச் சொல்லிப்போடாதே. நாளைக்கு நல்ல காரியம். திங்கக்கெழம ஆஸ்பத்திரி போய்க்கலாம்.”

அவள் பாதத்தைப் பார்த்தேன், உள்ளங்கையைப் பார்த்தேன். வெளுப்பு. என் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா, நிஜமா?

சொல்ல வேண்டியது பஸ் ஏறும்வரை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லாமலே வந்துவிட்டேன். நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். வாசலிலேயே வாயடைத்து நிற்பேன் என்று தெரியும், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், பார்த்தாவது படிக்க:

அக்கா, அந்தத் தட்டைத் தூக்காதே. கீழே வைத்துவிட்டு இப்போதே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வா.