கோளாறு கண்ணிலா, கம்ப்யூட்டரிலா

7.7.2009, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மத்திகிரி ரோடு முழுக்கச் சேறு. கம்பெனி பஸ் கால் மணி லேட்.

நேற்று கீறல் என்று நான் தள்ளிய பிஸ்டன்களை மறுபடி பார்த்து, பாதியை நல்லதில் சேர்த்துவிட்டார்கள். இன்ஜினியர் மஞ்சுநாத் ஒரு ஃபாரத்தை நீட்டினான். "கண்ணு வீக் ஆயிடுச்சுண்ணா. பேக்கிங் போயிடுங்க, ஆராமா இருக்கலாம். திங்கக்கிழமை சைன் பண்ணிக் குடுத்துருங்க."

பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன். இப்போது பேக்கிங்காம்! எரிச்சல். பயமும்தான், மறைப்பானேன். புது எல்சிடி டிவியில் கம்ப்யூட்டர் வழியாகப் படம் போட்டால் எனக்கு வெட்டி வெட்டி வருகிறது. என் மனைவி செல்விக்கு அந்த வெட்டு தெரியவில்லை.

"நல்லாத்தானே ஓடுது. உங்களுக்கு எதப் பாத்தாலும் ரிஜெக்ட்டு."

8.7, புதன்

கொத்தமல்லி, குடைக்குக் கம்பி, கேஸ் புக் பண்ண.

கண் டாக்டர் போன மாதமே பவர் சரி என்றார். அப்புறம் ஏன் வெட்டுகிறது? கேபிள் சேனல் எப்போதும் மங்கல், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தங்கை மகள் கல்யாண டிவிடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதில் கேமரா மண்டபத்துத் தூண்களை வரிசையாகக் காட்டும் இடம். தூண் நகராமல் குதிக்கிறது. வயரை மாற்றினேன். குதிக்கிறது. கண்ணாடியைக் கழற்றினேன். மங்கலாகக் குதிக்கிறது.

திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும். விடமாட்டேன்.

9.7, வியாழன்

கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் பிளேயரின் உதவிப் பக்கத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். கல்யாண வீடியோ நொடிக்கு 25 படம். டிவிக்கு கம்ப்யூட்டர் அனுப்புவது நொடிக்கு 60. மிச்சமில்லாமல் வகுபடாது. சில படம் இரண்டு தடவை, சில படம் மூன்று தடவை வரும். 50 வைத்தால் எல்லாமே இரண்டு. பிளேயரே மாற்றிக்கொள்ள ஒரு செட்டிங் இருக்கிறது. போட்டேன்.

அப்படியேதான் குதிக்கிறது. தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் கண்தானா?

11.7, சனி

தூறல் நின்றது. குளிர் காற்று.

நேற்று ஓவர்டைம், தொடவில்லை. இன்று டிவி ரிமோட்டில் தகவல் பட்டனை அழுத்தினால் இன்னும் 60 என்றே காட்டுகிறது. செட்டிங் வேலையே செய்யவில்லை! பஸ்ஸுக்கு நேரம் பார்க்க மூலையில் கடிகாரம் தெரியட்டும் என்று பிளேயரைச் சின்ன ஜன்னலில் ஓட்டும் பழக்கம் எனக்கு. முழுத்திரை ஆனால்தான் மாறுமாம். மடையன்.

முழுத்திரையாக்கிப் போட்டேன். டிவி இரண்டு நொடி கறுத்தது. வந்தது. 50. தூண்கள் வழுக்கிக்கொண்டு போயின. கத்திவிட்டேன். செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தான்ங்க இருக்கு. நெனப்பா இருக்கும்."

நினைப்பா? சரி, நாளைக்குப் பார்க்கலாம்.

12.7, ஞாயிறு

கம்பெனியில் இன்ஸ்பெக்டரைச் சோதிப்பது போலவே. நான் சுவரைப் பார்த்து உட்காருவேன். செல்வி செட்டிங்கை வைத்தோ நீக்கியோ வீடியோவை ஓட்டிவிட்டு, காலண்டர் தாளில் குறித்துக்கொள்வாள். நான் திரும்பிப் பார்த்து 50ஆ 60ஆ என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை.

ஒன்பது சரி. ஏழாவதை நான் 60 என்றேன், அவள் 50 என்று எழுதியிருந்தாள்.

"தப்பு, தப்பு! நான்தானே மாத்துனேன்."

"போட்டுக் காட்டு."

நிறுத்தித் திரும்ப ஓட்டினால்தான் மாறும். அந்தத் தடவை நிறுத்தாமலே விட்டிருக்கிறாள். டிவி 60இலேயே இருந்திருக்கிறது. அவளே தாளில் 50ஐ அடித்து 60 என்று எழுதினாள்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லைங்க. போய் அவன்கிட்ட சொல்லுங்க."

சந்தோஷத்தில் சரியாகச் சாப்பிடவில்லை.

13.7, திங்கள்

வெயில். ஃபாரம் சட்டைப்பையில், கையெழுத்தில்லாமல்.

"பத்து பீஸ் கலந்து வை மஞ்சு. எது கீறல்னு லென்ஸ்ல பாத்து நீயே குறிச்சுக்கோ. எனக்கு லென்ஸ் வேணாம்."

"எதுக்குண்ணா இதெல்லாம்..."

"வைப்பா."

வைத்தான். நான்கைத் தள்ளினேன். அவன் தாளைப் பார்த்தான், பீஸ்களைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். அதே நான்கு.

"ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துருங்கண்ணா. லைனுக்குப் போங்க."

போனேன். என் ஸ்டூலை சனிக்கிழமையே பேக்கிங்குக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே பார்த்தேன்.