நாற்பத்து நாலாயிரம்

31 மே 2002, வெள்ளி
இன்றும் அதே கதை. மஸ்கட்டில் வசந்திக்கு நர்ஸ் வேலையில் விடுப்பு வெள்ளி ஒரு நாள்தான். சிநேகிதி வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருகிறாள். இங்கே மட்டாஞ்சேரியில் நானும் மகள் அம்பிளியும் மைக்கைப் பிடித்துக்கொண்டு. அவள் சொல்வதில் பாதி வருகிறது, மீதி கடலில் விழுகிறது. “அப்பா, அம்மா எந்தா மிண்டாம இருக்கு, பேசவே இல்ல?” என்கிறாள் அம்பிளி. நாலு வயசுக்குப் போன் லைனில் ஓடும் மோடத்தைப் பற்றி என்ன சொல்ல?

ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. திரும்பி வருவதா, இன்னும் இரண்டு வருஷம் எழுதிக்கொடுப்பதா? “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. லைன் நன்றாகட்டும், அடுத்த வாரம் பேசலாம் என்றேன். அரைகுறையாகக் கேட்கும் லைனில் சொல்கிற விஷயமா அது?

2 ஜூன்
அடித்தது யோகம்! கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் லினக்ஸ் காட்டுகிறது: கனெக்ட் 115200. ஒரு லட்சத்துக்கு மேல்! மட்டாஞ்சேரியிலேயே வேகமான லைன் என் வீட்டில்தான்.

3 ஜூன்
டிடிபி கடையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். கூட வேலை பார்க்கும் பினு சாயாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “எடோ அழகரே, அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில உள்ள ஸ்பீடு. ஒரு முழம் ஒயர். ரோட்டுல போற ஸ்பீடு வேற, கேட்டோ.” மோடத்துக்கு அனுப்பும் கட்டளையில் ஒரு எழுத்து மாற்றச் சொன்னான். மாற்றினேன். உண்மை வெளியே வந்தது: 26400.

மானம் போச்சு.

7 ஜூன், வெள்ளி
பேச்சைத் துண்டு துண்டாக அனுப்பும் பாக்கெட் அளவைக் குறைத்துப் பார்த்தேன். பேச்சு கொஞ்சம் தேவலை. அம்பிளி பாட ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து மாமியார் போன் செய்ய, இன்னொரு அழைப்பு வருகிறது என்று கால் வெயிட்டிங் ‘டொக்’ என்றது, மோடம் பயந்து லைனை விட்டுவிட்டது. மறுபடி பிடிப்பதற்குள் வசந்தி எழுந்து போயிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார்மேல் பாய்வது என்று தெரியவில்லை.

8 ஜூன்
எக்ஸ்சேஞ்சில் எழுதிக்கொடுத்துக் கால் வெயிட்டிங்கை எடுத்துவிட்டேன். இனி நான் லைனில் இருந்தால் யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். நிம்மதி.

14 ஜூன், வெள்ளி
மழை. லைனே இல்லை.

20 ஜூன்
லைன்மேன் சேவியர் வந்தார். தெருக் கம்பத்திலிருந்து வரும் ஒயரைத் தொட்டுப் பார்த்து, “உப்புக் காத்துல உள்ளே செம்புல பச்சை பிடிச்சாச்சு சாரே. மாத்தணும். ஸ்டாக் வரட்டே” என்று போய்விட்டார். நான் லினக்ஸோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறேன், நோய் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

28 ஜூன், வெள்ளி
“ஆபீஸ்ல பதில் கேக்குறாங்க” என்றாள். பிறகு கரகர. நான் கத்தினேன். அவளும் கத்தியிருப்பாள். அவள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவும் முடியாது, வார்டு போனில் சொந்தப் பேச்சு கூடாதாம். ‘வந்துவிடு’ — இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என்னால் ஆகவில்லையே. இல்லை, கடைசி நிமிஷம் கொஞ்சம் தெளிந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஒயர் மாறட்டும், நிறுத்தி நிதானமாகப் பேசுவோம் என்று இருந்துவிட்டேன்.

4 ஜூலை, வியாழன்
சேவியர் புது ஒயர் போட்டுவிட்டார்! 44000! நம்ப முடியாமல் துண்டித்துத் துண்டித்துப் பிடித்தேன், அதே 44000. பெரிய ஜிப் ஃபைல் ஒன்றை இறக்கி அளந்தேன். பிறகு இன்னொன்று. சாயங்காலம் முழுக்க இதே வேலை. அம்பிளியும் பக்கத்தில் உட்கார்ந்து எண் மாறும்போதெல்லாம் கை தட்டினாள். நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

5 ஜூலை, வெள்ளி
தெளிவாகக் கேட்டது. அவள் மூச்சு விடுவதுகூட.

நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள். “பதில் சொல்ல நேத்தோட கடைசி நாள்னு திடீர்னு சொல்லிட்டாங்க. டியூட்டி முடிஞ்சு போன் பூத்துல நின்னு அடிச்சேன், அடிச்சேன். எங்கேஜ்டு. பக்கத்து வீட்டுப் பாக்கியலக்ஷ்மி அக்காவுக்கும் அடிச்சேன், அவங்க போன் மழையில செத்துக் கிடக்காம். பூத்துக்காரர் ஷட்டரை இறக்கிட்டாரு. நீங்க வான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“யாருகூட அவ்வளவு நேரம் பேசுனீங்க?” என்றும் கேட்டாள்.

யாரோடும் பேசவில்லை. ஸ்பீடு அளந்துகொண்டிருந்தேன்.

8 ஜூலை
கால் வெயிட்டிங் திரும்ப வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன்.

12 ஜூலை, வெள்ளி
44000. அம்பிளி முழுப் பாட்டும் பாடினாள். ஒரு எழுத்துகூட விடுபடவில்லை என்றாள் வசந்தி. அப்புறம் அம்பிளி, “அம்மா எப்ப வரும்?” என்று கேட்டாள். அதுவும் அங்கே நன்றாகக் கேட்டிருக்கும்.