உங்கள் மகன் வெல்லம் கேட்கிறான்

ஏனுங்க, உங்களைத்தானுங்க,

சோறு ஆறுது என்று பட்டறை வாசலில் நின்று கத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். கம்ப்ரசர் சத்தத்தில் கேட்கவில்லை என்பீர்கள். இப்போது அந்தச் சத்தம் இல்லை. இன்றைக்காவது நான் சொல்வதை முழுசாகக் கேளுங்கள்.

நம்ம புதுச்சத்திரம் பட்டறைக்குப் புது மிஷின் வந்திருக்கிறது. நம்ம மகன் பூபதிதான் வாங்கினான். ஃபிரிட்ஜ் உயரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய், முனையில் துப்பாக்கி மாதிரி ஒன்று. லேசராம். துருவின் மேல் காட்டினால் வெளிச்சம் கோடாக ஓடுகிறது, சடசடவென்று துரு பொரிந்து போகிறது, அடியில் தகடு பளிச்சென்று தெரிகிறது. மணலும் இல்லை, ஆசிட்டும் இல்லை.

முதல் வண்டியாக உங்கள் அம்பாசிடரைத்தான் எடுத்தான். ஆத்தூரில் ரைஸ்மில் ஓரம் கோழி அடைந்து கிடந்ததை இழுத்து வந்தீர்களே, அதைத்தான். "துருவ எடுத்துட்டா இதுலயே பழநி போலாம் சரசு" என்றீர்கள். "மொதல்ல கோழிய எறக்குங்க" என்றேன். ஒரு கதவுக்கு மட்டும் மணல் அடித்துத் துரு எடுத்து முடித்தீர்கள். மற்ற மூன்றையும் இவன் இப்போது முடித்துவிட்டான். பச்சைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டியவள், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாதா?

கம்ப்ரசர் காற்றில் மணலை வீசித் துருவை அடித்துவிட்டு வருவீர்கள். புருவம், மீசை, காதுமடல் எல்லாம் மாவு மில்லிலிருந்து வந்த மாதிரி வெள்ளை. முகத்தில் கட்டிய துண்டை உதறினால் வாசலே மறையும். நான் ஓர் அச்சு வெல்லத்தை எடுத்து நீட்டுவேன். வெல்லம் தின்றால் தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வதுதானே? பஞ்சு மில்லிலும் தின்கிறார்கள், மாவு மில்லிலும் தின்கிறார்கள். பரமத்தி வேலூர்ப் பக்கம் யார் போனாலும் வாங்கிவரச் சொல்வேன். டப்பாவைக் காலியாக விட்டதே இல்லை. உங்களுக்கு இருமல் வந்தபோது ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மணல் தூசி படிந்து நுரையீரல் தழும்பாகிவிட்டது என்றார். "மாஸ்க் ஏதாவது போட்டாரா?" என்று கேட்டார். நான் பெருமையாக, "துண்டு கட்டிக்குவாருங்க. அப்பறம் தெனமும் நான் வெல்லம் குடுத்துருவனுங்க" என்றேன். அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வெல்லம் வயித்துக்குத்தானேம்மா போகும்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்காகத்தானே திரும்பினீர்கள்?

வீட்டில் வெல்லம் இல்லாதிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்கும். பயம் வந்திருந்தால் கம்ப்ரசர் ஒயரைப் பிடுங்கிப் போட்டிருப்பேன், என் குணம் உங்களுக்குத் தெரியாததா. தூசி போகவில்லை, என் பயம்தான் போனது. உங்களை நானேதான் அனுப்பிவைத்தேன் என்று சொன்னால் பூபதி கோபித்துக்கொள்கிறான். அதனால் அவனிடம் சொல்வதில்லை.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். டிக்கியில் துரு எடுத்துக்கொண்டிருந்தான். மாஸ்க்கைக் கழற்றி பானெட்டின் மேல் வைத்திருந்தான். புகையை இழுக்கிற மிஷினையும் போடவில்லை.

"ஏஞ்சாமி, மாஸ்க்க ஏன் கழட்டுன?"

"வேர்க்குதும்மா. இதுல மணலா இருக்குது? வெறும் வெளிச்சந்தான."

"அப்பறம் அது என்ன பொக?"

"துரு எரியற பொக. கொஞ்சூண்டுதான்."

சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினான். பிறகு நீங்கள் நீட்டுவீர்களே, அதே மாதிரி கையை நீட்டினான். "ஒரு அச்சு வெல்லம் குடும்மா, சரியாப் போயிரும்."

எரிந்த துரு எங்கே போகும்? காற்றில்தானே நிற்கும், மூச்சில்தானே ஏறும்? மாஸ்க்கும் புகை இழுக்கிற மிஷினும் இல்லாமல் லேசரைத் தொடக்கூடாது என்று அதை இறக்கிய ஆள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மிஷினின் சாவியைத் திருப்பி அணைத்து உருவிக்கொண்டேன். வீட்டுக்குள் போய் வெல்ல டப்பாவை எடுத்து வந்து, அவன் பார்க்கவே எருமையின் தவிட்டுத் தண்ணீரில் கொட்டினேன்.

"உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சாம்மா?"

"ஆமா. உங்கப்பன் இருக்கறப்பவே புடிச்சிருக்கோணும்."

அவன் பானெட் பக்கம் போனான். மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான், புகை மிஷினைப் போட்டான், அப்புறம்தான் சாவியைக் கொடுத்தேன்.

இனி அந்தச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். டிக்கியும் அடித்தகடும் பாக்கி. முடிந்ததும் பழநிக்குப் போகிறோம். நீங்கள் மணல் அடித்த கதவோரம்தான் நான் உட்காருவேன். பஞ்சாமிர்தம் என் தொண்டையில் இறங்குமா என்பதுதான் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மகன் இந்தப் பட்டறையில் எப்போது கை நீட்டினாலும், என் கையில் மாஸ்க்தான் இருக்கும்.

இப்படிக்கு,
தினமும் உங்கள் கையில் வெல்லம் வைத்த
உங்க ஊட்டுக்காரி,
சரசு