ஒரே சட்டியில் இரண்டு ஸ்பூன்

குன்சான், கொரியா
புரட்டாசி மாதத்து வெயிலில்

அன்பு மகள் ஹேரானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் நாம் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்போம், இப்போது அந்த ஒரு கேள்வியை உன் அப்பாவிடம் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை, மனுஷன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நல்லா இருக்கேன்னு சொல்லு என்று கையை ஆட்டுகிறார். அதனால்தான் மிளகாய்ப்பொடிப் பார்சலோடு இதையும் வைக்கிறேன்.

அவர் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தபோதே டாக்டர் சொன்னார், கட்டி போய்விட்டது, இனிச் சாப்பாடுதான் மருந்து, காரமும் உப்பும் மட்டும் ஆகாது என்று. கொடுத்தால் சாப்பிட வேண்டுமே! கஞ்சியை வைத்தால் சுவரைப் பார்க்கிறார். ஊட்டப் போனால் வாயை மூடிக்கொள்கிறார், திட்டினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். போன வாரம் எடை பார்த்த நர்ஸ், இப்படியே இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டாள். நான் என்னதான் செய்வேன், நீயே சொல்.

கிம்ச்சிக் குழம்பு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நீ சின்னவளாக இருந்தபோது காரம் போகக் கிம்ச்சி முட்டைக்கோஸைத் தண்ணீரில் அலசிக் கொடுப்பேனே, அதே மாதிரி அலசி, பன்றி இறைச்சியைப் பொடியாக நறுக்கி, டோஃபு நிறையப் போட்டு, அவருக்கென்று ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்தேன். ஏன் ஹேரான் அம்மா, எனக்கு இப்பத்தான் பால் பல் முளைச்சிருக்கா என்று கேட்டுக் கிண்ணத்தை நகர்த்திவிட்டார். மறுநாள், சரி, உனக்கு ஒழுங்கா வச்சுச் சாப்பிடு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன் என்றார். புளித்த கிம்ச்சியையும் கொழுப்புள்ள இறைச்சியையும் வதக்கி, பொடியை அள்ளிப் போட்டு, டோஃபுவைக் கடைசியில் சேர்த்து, மண்சட்டி தளதளவென்று கொதிக்க மேசையில் வைத்தேன். எதிரில் உட்கார்ந்து, இறைச்சி இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கலாம் என்று நொட்டை வேறு! கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே சட்டிதான், அதில் அவர் ஸ்பூன் வைக்காமல் நான் வைத்ததில்லை. சாப்பிடு சாப்பிடு என்கிறார், தொண்டையில் இறங்கினால்தானே. கண்ணில் தண்ணீர் வந்ததும், அவ்வளவு காரமா என்றார். ஆமாம் என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னார், காரம் கிடக்குது, எனக்குன்னு தனிக் கிண்ணம் வச்சே பாரு, அப்பத்தான் நான் நோயாளி ஆயிட்டேன்னு தோணிச்சு.

அவர் சொல்லும்வரை எனக்கு அது உறைக்கவே இல்லை ஹேரான். நேற்றுச் சட்டி முழுவதையும் அலசிய கிம்ச்சியிலேயே வைத்து, இரண்டு ஸ்பூனையும் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இதென்ன, பாத்திரம் கழுவின தண்ணியா என்றார். கேட்டுக்கொண்டே டோஃபுவை எடுத்தார். மூன்று வாய். இன்றைக்கு ஒரு வாய்தான். நாளைக்கு எப்படியோ, தெரியவில்லை. சமைக்க என்னால் முடியும், அவருக்காக நான் விழுங்க முடியாதே.

பதறிக்கொண்டு கிளம்பி வந்துவிடாதே, வந்தால் தனக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். வீடியோவில் பேசும்போது மெலிந்துவிட்டீர்களே என்று வாய் தவறியும் சொல்லாதே. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேள், என்னைத் திட்டுவதற்காவது வாயைத் திறப்பார். நீங்கள் இரண்டு பேரும் எந்த நோய்நொடியும் இல்லாமல் ஒரே சட்டியில் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

பொடியை மறக்காமல் ஃப்ரீசரில் வை. மொட்டைமாடியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உன் அப்பா திருப்பித் திருப்பிக் காயவைத்த மிளகாய். இனி இந்த வீட்டில் யாருக்கு என்று அத்தனையையும் உனக்கே கட்டிவிட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், ஒட்டிய பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பெரிய கிண்ணம் நிறைய அள்ளிக்கொண்டிருக்கிறார். குளிர் வந்தா கிம்ச்சி போட வேணாமா, எல்லாத்தையும் அனுப்பிட்டா அப்ப நான் எங்க போய் நிக்கிறது என்று என்னிடம் கத்தல். அதனால் பொடி கொஞ்சம் குறைவாக இருக்கும், தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அம்மா